கடலில் விழுந்த பூஸ்டர் வழிக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

முதலில் எந்த பூஸ்டரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடலில் விழுவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. இங்கே பெரும்பாலும் வரப்போவது நாசாவின் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு நின்ற இரண்டு வெள்ளை பூஸ்டர்கள், திட எரிபொருள் ரகம். 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆக 270. இதில் முழுசாகக் கைக்கு வராமல் போனவை நான்கே நான்கு: 1982-ல் எஸ்டிஎஸ்-4 (ஷட்டிலின் நான்காவது பயணம்) பயணத்தின் இரண்டு, 1986-ல் சேலஞ்சர் என்ற ஷட்டிலின் இரண்டு. இவ்வளவு பெரிய சாமானை இத்தனை தடவை கடலிலிருந்து உருப்படியாக இழுத்து வந்த அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது, அதனால் அவர்கள் செய்த முறையையே அடிப்படையாக வைக்கிறேன். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 போன்ற திரவ எரிபொருள் ராக்கெட்டுக்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்து பார்க்காதீர்கள், உயிர் போகிற விஷயம்.

கப்பலில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள். எந்த அறிகுறியாக இருந்தாலும் கயிறு, கொக்கி, படகு எதையும் இறக்குவதற்கு முன்னால் பூஸ்டர் எப்படி மிதக்கிறது என்று நின்று பாருங்கள். நின்றுகொண்டா, சாய்ந்தா, படுத்தா, எவ்வளவு வெளியே தெரிகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா. கடலில் கண்ணில் படுகிற கோளாறில் பாதிக்கு மேல் வானத்திலேயே நடந்து முடிந்தவை. மிதக்கிற விதத்தைப் பார்த்தால் மேலே என்ன நடந்தது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால்

கிளம்பி இரண்டு நிமிடம் சொச்சத்தில் எரிபொருள் தீர்ந்து, சுமார் 45 கிலோமீட்டர் உயரத்தில் பூஸ்டர் கழன்றுவிடும். கழன்ற வேகத்திலேயே இன்னும் மேலே ஏறி 67 கிலோமீட்டர் வரை போய்விட்டுத்தான் கீழே திரும்பும். 4.7 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்ததும் மூக்கு நுனி கழன்று ஒரு சின்ன பாராசூட் வெளியே வரும், அது 54 அடி விட்டமுள்ள இரண்டாவது பாராசூட்டை இழுத்துவிடும், அது பூஸ்டரை நேராக நிறுத்தி வேகத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும். அப்புறம் 1.8 கிலோமீட்டர் வாக்கில் மேற்கூம்பு பிரிந்து போகும்போது அதற்குள் இருந்த மூன்று பெரிய பாராசூட்டுகள் விரியும், பிற்காலத்தில் இவை ஒவ்வொன்றும் 136 அடி. இத்தனையும் சரியாக நடந்தாலும் கடலில் மோதுகிற வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்தான். 45 மீட்டர் நீளம், 3.7 மீட்டர் விட்டம், எரிந்து முடிந்த பிறகும் 80 டன் வாக்கில் எடை, வாய்ப்பக்கம் கீழே இருக்கிறபடி வந்து விழும். கிளம்பி ஏழு நிமிடத்துக்குள், ஏவுதளத்திலிருந்து சுமார் 225 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில்.

லிபர்ட்டி ஸ்டார், ஃப்ரீடம் ஸ்டார் என்று இதற்கென்றே கட்டிய இரண்டு கப்பல்கள், ஆளுக்கொரு பூஸ்டர். ஏவுவதற்கு முந்தைய நாளே கிளம்பிப் போய், விழும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் தள்ளி நின்றன. ரொம்பப் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்றுமே தெரியவில்லை

ரேடியோ சிக்னல், மினுக்கும் விளக்கு, ரேடார் மூன்றையும் பாருங்கள். மேற்கூம்பு தனியாக மிதக்கும், அதில் சிக்னல் கிடைத்துவிட்டால் இடம் சரி என்று அர்த்தம். இடம் சரியாக இருந்தும் பூஸ்டரைக் காணோம் என்றால் மூழ்கிவிட்டது. இதற்குக் கப்பலில் வைத்தியம் கிடையாது.

எஸ்டிஎஸ்-4-ல் நடந்தது இதுதான், அதுவும் இரண்டு பூஸ்டருக்கும். கடலில் விழுந்த பிறகு காற்று பாராசூட்டைப் பிடித்து பூஸ்டரை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, மோதிய அதிர்ச்சியை உணர்ந்ததும் கயிறுகளைக் கழற்றிவிடுகிற ஏற்பாடு ஒன்று வைத்திருந்தார்கள். மேலே கூம்பு பிரிந்தபோது வந்த அதிர்ச்சியையே அது கடலில் மோதியதாக எடுத்துக்கொண்டு, கயிறுகளை வானத்திலேயே கழற்றிவிட்டது. பாராசூட் பிடிப்பில்லாமல் விழுந்த இரண்டும் உடைந்து மூழ்கின. அதன் பிறகு அந்தத் தானியங்கி ஏற்பாட்டையே முடக்கிவைத்தார்கள். பல வருடம் கழித்து உப்புநீர் பட்டால் மட்டும் வேலை செய்யும் கொக்கி வந்தது. எனக்குப் பிடித்த தீர்வு அது, ஏனென்றால் அதிர்ச்சி எங்கே வேண்டுமானாலும் வரும், உப்புத்தண்ணீர் கடலில் மட்டும்தான் இருக்கிறது.

பாராசூட் மூன்றில் ஒன்று சுருண்டு கிடக்கிறது

பூஸ்டர் மிதக்கிறது, ஆனால் பாராசூட்டுகளில் ஒன்று கயிறாகத் திரிந்து கிடக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது. அப்படியானால் மோதிய வேகம் கணக்குக்கு மேல் என்று முடிவு செய்துகொண்டு, உடம்பில் அடி இருக்கும் என்ற எண்ணத்தோடே டைவர்களை இறக்குங்கள். 2009 அக்டோபர் 28 அன்று ஏரீஸ் 1-எக்ஸ் சோதனை ராக்கெட்டில் ஒரு பெரிய பாராசூட் முழுசாகச் சொதப்பி, இன்னொன்று பாதி சொதப்பி, மிச்சம் இருந்ததை நம்பி பூஸ்டர் இறங்கியது. அதன் கீழ்ப்பகுதி உறையில் பெரிய நசுங்கல் இருந்ததை டைவர்கள் தண்ணீருக்கு அடியில்தான் பார்த்தார்கள், மேலே இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஃப்ரீடம் ஸ்டார் அதையும் இழுத்து வந்துவிட்டது.

பாராசூட் விஷயத்தில் இன்னொன்று. பூஸ்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் துணியைச் சுருட்டுங்கள். நனைந்த நைலான் தண்ணீருக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தால் டைவர் மாட்டிக்கொள்வார், கப்பலின் விசிறியும் மாட்டிக்கொள்ளும். இந்தக் கப்பல்களின் டெக்கில் நான்கு பெரிய உருளைகள் இருந்தன, மூன்று பெரிய பாராசூட்டுக்கு மூன்று, இரண்டாவது பாராசூட்டுக்கு ஒன்று. அந்த நான்காவதைச் சுற்றச் சுற்ற அதன் மறுமுனையில் கட்டியிருக்கிற மேற்கூம்பும் கப்பலை நோக்கி வரும், பக்கத்தில் வந்ததும் கிரேனால் தூக்கி டெக்கில் வைத்துவிடலாம்.

நின்றபடியே மிதக்கிறது, படுக்க மாட்டேன் என்கிறது

இதுதான் எல்லோருக்கும் வருகிற கேள்வி, இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

நிற்பது கோளாறில்லை. சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு மேலே தள்ளுமே, அதேதான். பூஸ்டரின் மேல்முனை மூடியது, கீழே நாசில், அதாவது நெருப்பு வெளியேறும் குழல், திறந்த வாய். விழும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழியில்லாமல் மேலே மாட்டிக்கொள்கிறது, கீழ்ப்பாதியில் கடல் புகுந்துவிடுகிறது. அதனால் பத்து மீட்டர் வாக்கில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, வாய் 33 மீட்டர் ஆழத்தில் தொங்க, செங்குத்தாக நிற்கும். இந்த நிலையில் கரைக்கு இழுத்தால் தண்ணீரின் எதிர்ப்பு தாங்க முடியாது. போகப் போக ஆழம் குறையும்போது அடி தட்டும். ஃப்ளோரிடாவின் கனாவரல் துறைமுகத்துக்குள் நுழையவே முடியாது. படுக்கவைத்தே ஆகவேண்டும்.

படுக்கவைக்கும் முறை இது. முதல் டைவர் குழு கீழே போய் நாசிலைப் பார்க்கும். இரண்டாவது குழு ஒரு பிளக்கைக் கொண்டுபோகும். ஏறக்குறைய நாலரை மீட்டர் உயரம், அரை டன்னுக்குக் குறையாத எடை, ஆனால் தண்ணீருக்குள் மிதக்காமலும் மூழ்காமலும் இருக்கிறபடி செய்திருப்பதால் ஆட்கள் கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். நாசில் வாயில் நுழைத்து அதன் கால்களை விரித்துப் பூட்டிவிட்டு, கப்பலிலிருந்து 2000 அடி நீளக் காற்றுக் குழாயை அதில் மாட்டி, கம்ப்ரஸரைப் போட வேண்டியதுதான். காற்று உள்ளே போகப் போகத் தண்ணீர் வெளியேறும், பூஸ்டர் மெதுவாக மேலே எழும், மேல்பகுதி கனம் தாங்காமல் ஒரு கட்டத்தில் சரிந்து படுத்துவிடும். அப்புறமும் மிச்சத் தண்ணீர் போகும்வரை காற்றை அடித்து, நாசிலை அடைக்கிற பையை ஊதிவிட்டு, இழுவைக் கயிற்றை மாட்டலாம்.

இனிக் கோளாறுகள்.

காற்று அடிக்கிறோம், ஒரு அடிகூட எழவில்லை. குழாயைப் பாருங்கள், 600 மீட்டர் குழாயில் எங்காவது மடிந்திருக்கும். அதுவும் சரி என்றால் அழுத்தத்தைப் பாருங்கள். 33 மீட்டர் ஆழத்தில் இருக்கிற அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்குக்கு மேல். அதைத் தாண்டினால்தான் காற்று பிளக்கை விட்டே வெளியே போகும். குழாயின் நீளத்தில் விழுகிற அழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று அடிக்கிறோம், கீழே நாசிலைச் சுற்றிக் குமிழி கொப்பளிக்கிறது. பிளக் சரியாக உட்காரவில்லை, அல்லது ஏதோ ஒரு கால் பூட்டவில்லை. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு டைவரை மறுபடி அனுப்ப வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. காற்றை இன்னும் வேகமாக அடித்தால் அடைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தலைப்பக்கம் குமிழியோ சீறலோ கேட்கிறது, பூஸ்டர் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இருப்பதிலேயே மோசமான அறிகுறி இது. மாட்டிக்கொண்ட காற்று மேல்வழியாகக் கசிகிறது என்று அர்த்தம், அந்தக் காற்று ஒன்றுதான் அதை மிதக்கவைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே தெரிகிற உயரத்தை ஒரு அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறைகிற வேகம், டைவர் போய் பிளக் போட்டுக் காற்று அடிக்க ஆகும் நேரத்துக்குள் அடங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும். மூழ்கிக்கொண்டிருக்கும் 80 டன் சாமானுக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது.

பிளக் நுழையவே மாட்டேன் என்கிறது. நாசில் வாயில் உடைந்த துண்டோ, கிழிந்து தொங்குகிற வெப்பத் திரையோ இருக்கும். இதற்காகத்தான் முதல் குழு வெறும் பார்வைக்கென்று போகிறது. அந்தக் குழுவைத் தவிர்த்து நேரம் மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 110 அடி ஆழத்தில் சாதாரணக் காற்றை மூச்சாக இழுக்கும் டைவர், மேலே வரும்போது வழியில் நின்று நின்று வர வேண்டிய தேவை இல்லாமல் திரும்ப வேண்டுமானால், அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி 20 நிமிடம்தான். அந்த 20 நிமிடத்தில் பிளக்கையும் வைத்துக்கொண்டு உடைசலையும் அகற்றிக்கொண்டு நிற்க முடியாது.

பாதி சாய்ந்து அப்படியே நிற்கிறது. பதறாமல் அடித்துக்கொண்டே இருங்கள். ஆனால் இந்த நேரத்தில் சின்னப் படகு, டைவர், கயிறு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஏனென்றால் சரிவது மெதுவாக நடப்பதில்லை. அத்தனை நேரம் அசையாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகப் படுக்கும், விழுகிற பக்கத்தில் அலை எழும்பும். எந்தப் பக்கம் விழும் என்று காற்றையும் அலையையும் வைத்து ஊகிக்கலாம், நம்ப முடியாது. சுற்றிலும் 45 மீட்டருக்கு மேல் காலியாக வைப்பதுதான் சரி.

கடல் சரியில்லை

காத்திருங்கள். திட எரிபொருள் பூஸ்டருக்கு இந்த ஒரு சௌகரியம் உண்டு, அரை அங்குல எஃகு உறை, ஒரு இரவு அலையில் ஆடினால் ஒன்றும் ஆகிவிடாது. சிக்னல் எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு விடியட்டும் என்று பார்க்கலாம். மெல்லிய அலுமினியத் தொட்டிகளால் ஆன ராக்கெட்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது: 2014 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸின் சிஆர்எஸ்-3 பயணத்தில் ஃபால்கன் 9-ன் முதல் நிலை (ராக்கெட்டின் அடிப்பகுதி) கடலில் மெதுவாகவே வந்து இறங்கியது, ஆனால் கடல் கொந்தளிப்பில் கப்பல் போய்ச் சேர்வதற்குள் அலையே அதை உடைத்துவிட்டது.

உடம்பில் அடி

அடிப்பாகத்து ஸ்கர்ட் (பாவாடை மாதிரி விரிந்த பகுதி) நெளிந்திருக்கிறது, உறையைச் சுற்றியுள்ள வலுவூட்டும் வளையங்கள் பிளந்திருக்கின்றன, நாசிலின் நீட்சி இல்லை. இதில் கடைசியைக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள், தண்ணீரில் மோதும் பளு குறையட்டும் என்று நாசிலின் நீட்சியை வெடிமருந்து வைத்து அவர்களே முன்கூட்டி வெட்டிவிடுவார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் விழுந்து எழுந்த பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் அறைவதால் வருவது. கிடைமட்டக் காற்று பலமாக இருந்த நாளில் இது கூடும். கடலில் செய்ய ஒன்றுமில்லை, படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மிதப்பது திரவ எரிபொருள் ராக்கெட்டா? தள்ளி நில்லுங்கள்

இங்கே பிரச்சினையே வேறு. திட எரிபொருள் எரிந்தால் எரிந்து தீர்ந்துவிடும். ஃபால்கன் 9 மாதிரி ஒன்று முழுசாக மிதக்கிறது என்றால் தொட்டிக்குள் மிச்ச மண்ணெண்ணெய், மிச்ச ஆக்சிஜன், அழுத்தத்தில் வாயு, வழிதவறினால் வெடிக்கவைக்கப் பொருத்திய வெடிமருந்து எல்லாம் அப்படியே இருக்கலாம். அழுத்தம் இறங்கிவிட்டது, வெடிமருந்து செயலிழந்துவிட்டது என்று தரையிலிருந்து உறுதி வராதவரை கப்பல் கிட்டே போகக் கூடாது.

2018-ல் இதற்கு இரண்டு உதாரணம் வந்தது. ஜனவரி 31 அன்று கவ்சாட்-1 பயணத்தில் முதல் நிலையைத் தூக்கிப்போடுவதாகத்தான் திட்டம், கடலில் ஒரு இறங்கும் சோதனை மட்டும் செய்தார்கள், அது உடையாமல் மிதந்துகொண்டிருந்தது. இழுத்து வர யாரும் தயாராக இல்லை, மீட்பதற்குள் உடைந்து போனது. டிசம்பர் 5 அன்று சிஆர்எஸ்-16: கட்டம் போட்ட துடுப்புகளை அசைக்கும் ஹைட்ராலிக் பம்ப் நின்றுவிட, ராக்கெட் சுழன்றுகொண்டே வந்து கரையை ஒட்டிய கடலில் இறங்கிப் படுத்தது. இது தற்செயலாகத் தண்ணீருக்குப் போகவில்லை. எல்லாம் சரி என்று தெரியும்வரை கடலையே குறிவைத்து வந்து கடைசியில்தான் தரைப்பக்கம் திரும்பும்படி வழியை அமைத்திருக்கிறார்கள், அதனால் கோளாறு வந்ததும் தானாகக் கடலில் இறங்கியது. இதை கனாவரல் துறைமுகம் வரை இழுத்து வர முடிந்தது.

கப்பல்தளத்தில் இறங்கிவிட்டது, ஆனால் சாய்கிறது

ஆளில்லா மிதவைத் தளத்தில் இறங்கிய ராக்கெட் கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம். ஆனால் எஞ்சின்கள் கீழே இருப்பதால் எடை முக்கால்வாசி அடியிலேயே இருக்கும், பார்க்கிற அளவுக்கு நிலை இல்லாதது இல்லை. விழுந்தவை விழுந்த காரணம் இரண்டு வகை. ஒன்று, கால். 2016 ஜனவரி 17 அன்று ஜேசன்-3 பயணத்தில் நான்கு கால்களில் ஒன்றின் பூட்டு பிடிக்கவில்லை, இறங்கியபின் அந்தப் பக்கமாகச் சாய்ந்து வெடித்தது. இரண்டாவது, பிடிமானம். தளத்தில் ஒரு ரோபோ அடியில் போய் ராக்கெட்டைக் கவ்விப் பிடிக்கும். 2019 ஏப்ரலில் ஃபால்கன் ஹெவியின் நடுப்பகுதி அழகாக வந்து இறங்கியது, ஆனால் அதன் அடிப்பொருத்தம் வேறு என்பதால் ரோபோவால் பிடிக்க முடியவில்லை, மூன்று மீட்டர் அலையில் வழியிலேயே சரிந்தது. 2023 டிசம்பரில் 19 தடவை பறந்த ஒரு முதல் நிலையும் திரும்பி வரும் வழியில் காற்றிலும் அலையிலும் சாய்ந்து, எஞ்சின் பக்கத்துப் பாதி மட்டும் துறைமுகம் வந்தது.

சாய்வு தெரிந்த பிறகு ஆளை அனுப்பிக் கட்டச் சொல்லாதீர்கள். கால்பூட்டை இறங்கிய உடனே கேமராவில் பாருங்கள். வானிலையை மட்டும் ஏவும் நேரத்துக்குப் பார்த்தால் போதாது, திரும்பி வருகிற அந்த மூன்று நாலு நாளுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

உங்களுடையது இல்லாத துண்டு வலையில் சிக்கினால்

இது நம் பக்கத்துக்கும் உண்டு. 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று சிக்கி, கரைக்கு இழுத்து வந்தார்கள். 2023 ஜூலையில் பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலைப் பகுதி ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் பக்கம் கரை ஒதுங்கியது. சிப்பி பிடித்திருந்தால் ரொம்ப நாளாகக் கடலில் கிடந்தது என்று அர்த்தம், பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. வெடிமருந்துப் பொருத்தோ நச்சு எரிபொருளோ மிச்சம் இருக்கலாம், அறுத்து இரும்புக் கடையில் போடுகிற எண்ணம் வேண்டாம். இடத்தைக் குறித்துக் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள்.

கரைக்கு வந்தாயிற்று, உப்பு

துறைமுக வாயில் வரை பூஸ்டர் கப்பலுக்குப் பின்னால் வரும், உள்ளே நுழையும் முன் கப்பலின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், குறுகலான வழியில் திருப்ப வசதி. பாலம், நீர்மட்டம் மாற்றும் மதகு எல்லாம் தாண்டி பனானா ஆறு வழியாக கேப் கனாவரலின் ஹேங்கர் ஏஎஃப் என்ற கூடத்துக்குப் போகும். அந்த ஆற்றில் கடற்பசுக்கள் இருப்பதால் இந்தக் கப்பல்களின் பின்பக்கம் நீரைப் பீய்ச்சித் தள்ளும் எஞ்சினும் இருந்தது. பக்கத்தில் டைவர்கள் இருக்கும்போதும் அதுதான் உதவியது.

அங்கே முதல் வேலை கழுவுவது இல்லை. மிச்ச வெடிமருந்துகளைச் செயலிழக்க வைப்பதும், ஸ்கர்ட்டில் நாசிலை அசைக்கும் ஹைட்ராலிக் இயந்திரத்துக்கு வைத்திருந்த ஹைட்ரஸின் கசிகிறதா என்று பார்ப்பதும்தான். ஹைட்ரஸின் கடும் நச்சு. அது முடிந்த பிறகு நல்ல தண்ணீர், அப்புறம் அதிக அழுத்தத் தண்ணீரால் மேல்காப்புப் பூச்சை உரிப்பது, அப்புறம் துண்டு துண்டாகப் பிரித்து ரயிலில் உட்டாவுக்கு.

எஃகு உறைக்கு உப்பு பெரிய எதிரி இல்லை, சீக்கிரம் கழுவினால் சரி. மின்னணுப் பெட்டிகளுக்கும் எஞ்சின்களுக்கும்தான் ஆபத்து. நியூசிலாந்திலிருந்து பறக்கும் ராக்கெட் லேப் நிறுவனம் 2020 நவம்பரில் எலக்ட்ரான் என்ற தன் ராக்கெட்டின் முதல் நிலையைக் கடலிலிருந்து எடுத்தது, அப்புறம் ஹெலிகாப்டரால் வானிலேயே பிடித்துப் பார்த்தது, கடைசியில் நீர்புகாமல் செய்துகொண்டு கடலுக்கே திரும்பிவிட்டது. மீட்டெடுத்த ஒரு எஞ்சினை 2023 ஆகஸ்டில் மறுபடி பறக்கவும் விட்டது. ஆனால் கழுவுவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. 2020 மார்ச் 18 அன்று ஸ்டார்லிங்க் பயணம் ஒன்றில் ஃபால்கன் 9-ன் ஒரு எஞ்சின் முன்கூட்டியே நின்றது, முதல் நிலையும் தளத்தில் இறங்கவில்லை. காரணம் சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் உள்ளே தங்கி, பறக்கும்போது தீப்பிடித்ததுதான். கழுவிய பிறகு காய்ந்ததா என்று பார்ப்பது கழுவுவதைவிட முக்கியம்.

எல்லாம் நல்லபடியாக வந்தது, ஆனால் இணைப்பில் கரி

ஷட்டில் பூஸ்டரின் உறை நான்கு பெரிய துண்டுகளாக வந்து ஏவுதளத்தில் இணைக்கப்பட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு ரப்பர் வளையங்கள், உள்ளே இருக்கிற நெருப்பு வெளியே வராமல் இருக்க. இந்த வளையங்களைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு பூஸ்டரை மீட்டதால்தான் கிடைத்தது. கடலில் மூழ்கவிட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

1981 நவம்பரில், இரண்டாவது பயணத்திலேயே, ஒரு வளையத்தில் 1.3 மில்லிமீட்டர் அளவுக்கு அரிப்பு இருந்தது. வடிவமைப்பின்படி அங்கே அரிப்பு என்பதே இருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அவ்வப்போது வந்தது, ஒவ்வொரு முறையும் ராக்கெட் பத்திரமாகத் திரும்பியதால் இந்த அளவு தாங்கும் என்று பழகிப்போனார்கள். 1985 ஜனவரி 24 அன்று குளிரில் போன எஸ்டிஎஸ் 51-சி பூஸ்டரைப் பிரித்தபோது, இரண்டு வளையங்களுக்கும் நடுவே இருந்த கிரீஸ் கறுத்துக் கிடந்தது. முதல் வளையத்தைத் தாண்டிப் புகை வந்திருக்கிறது. அன்று வளையத்தின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ் வாக்கில். அதைப் பார்த்த, பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி அதற்குப் பிறகு எச்சரித்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடம் ஜனவரி 27 இரவு, 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் சொன்னதை மேலாளர்கள் ஏற்கவில்லை. மறுநாள் காலை 2 டிகிரியில் சேலஞ்சர் கிளம்பியது, வலது பூஸ்டரின் இணைப்பு எரிந்து வானிலேயே சிதறியது, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த இரவு கூட்டத்தில் வைத்த கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது, மீட்பு வேலையில் இருக்கிற யாரும் இதைக் கவனிக்க வேண்டும். அரிப்பு வந்த பயணங்களின் வெப்பநிலையை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள், அதில் ஒரு போக்கும் தெரியவில்லை. ஒன்றும் ஆகாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக் குழு பிறகு பார்த்தது: 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம், 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும் சேதம். ஆகவே இணைப்பைப் பிரிக்கும்போது கிரீஸைத் துடைக்காதீர்கள். கரி எந்தக் கோணத்தில், எவ்வளவு நீளத்துக்கு என்று படத்தோடு குறியுங்கள். ஏவிய நேரத்து வெப்பநிலையைப் பக்கத்திலேயே எழுதுங்கள். சுத்தமாக இருந்த இணைப்புக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

வலது பூஸ்டரின் எரிந்த இணைப்புத் துண்டை 170 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்துப் பார்த்த பிறகு, இணைப்பின் வடிவத்தையே மாற்றினார்கள்: அசையாமல் பிடிக்கும் ஒரு உதடு, மூன்றாவது வளையம், குளிரில் இறுகாமல் இருக்கச் சூடேற்றி. அதற்கு 32 மாதம் ஆனது, 1988 செப்டம்பர் 29 அன்று எஸ்டிஎஸ்-26 கிளம்பும்வரை எந்த ஷட்டிலும் பறக்கவில்லை.